சுண்ணாம்பு படாத கலயம்

அத்தியாயம் பதினொன்று

பத்ரிநாராயணனைச் சென்ற வாரம் ஜட்காவில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக விட்டுவிட்டுப் போய்விட்டோம். சட்டசபை அங்கத்தினர் ஒருவரை ஒரு வாரம் முழுக்க அப்படி நிறுத்தி வைப்பது மகா பாவம். முதலில் அவரை வண்டியில் ஏற்றிவிடுவோம்.

அவர் காத்துக்கொண்டிருந்தது ஒரு கூஜாவுக்காக. உள்ளேயிருந்து அதைச் சூடாமணி கொண்டு வந்தால் வண்டி கிளம்பிவிடும்.

மயிலாப்பூர் மாட வீதியை விட்டு, ஏரியைத் தூர்த்த மாம்பலத்து மனையில் பங்களா கட்டிக்கொண்டு இந்தக் குடும்பம் குடியேறி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. பொழுது சாய்ந்தால் நரி ஊளையிடும். மழை பெய்தால் ஏரி தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வாசல் வரை வரும். பங்களாக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றைக் கட்ட வந்த கொத்தனார், சித்தாள் குடிசைகளை எண்ணி மாளாது. இந்த ஊருக்கு ஒரு கள்ளுக்கடை லைசென்ஸ் கொடுக்கலாமென்று சர்க்கார் யோசித்ததும், பங்களாக்காரர்கள் கூடிக் கூச்சல் போட்டதும், "நீர்தான் ஐயா சபையில் கேட்கவேண்டும்" என்று பத்ரிநாராயணன் தலையில் கட்டியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஆவேசத்தில் அவரும் ஒரு சபதம் போட்டுவிட்டார். "கள்ளு எதற்கு? என் வீட்டுத் தென்னையில் இறக்கிய பதநீரைச் சபைக்கே கொண்டு போய்க் காட்டுகிறேன். இதைக் குடிக்கட்டும் ஜனங்கள்!"

அந்தச் சபதம்தான் இப்போது கூஜாவில் வந்துகொண்டிருந்தது.

"ஒரு வாய் பாருங்கோளேன்" என்று சூடாமணி வெள்ளி டம்ளரை நீட்டினாள்.

பத்ரிநாராயணன் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். கண்ணை மூடினார். திறந்தார்.

"பேஷ்! என்னடி இது, தினமும் குடிக்கிறதை விட இன்னிக்குத் தனியா ஒரு விறுவிறுப்பு?"

"இருக்காதா பின்னே? நேத்திலேருந்து நம்மாத்துக் கலயம். புதுசு. நானே கிணத்துத் தீர்த்தத்துல அலம்பிக் கொடுத்தேன். அந்த முனியனோட அசிங்கமெல்லாம் இனிமே கிடையாது" என்றாள் சூடாமணி பெருமையாக.

"இன்னொரு டம்ளர் விடு" என்றார் பத்ரிநாராயணன்.

வண்டி கிளம்பிற்று.

முனியனுடைய அசிங்கம் என்னவென்று இங்கே சொல்லிவிடவேண்டும். முந்தின நாள் சாயங்காலம், பதநீர் சபைக்குப் போகிறதென்று கேட்டதும், சூடாமணி முதல் தடவையாகத் தோட்டத்துக்கே போய் நின்று பார்த்தாள். முனியன் மரத்தடியில் குந்தியிருந்தான். வாய் நிறைய வெற்றிலை. மடியிலிருந்த டப்பாவைத் திறந்து, கட்டைவிரலால் சுண்ணாம்பை வழித்து, நாக்கில் கொஞ்சம் தடவிக்கொண்டான். மிச்சத்தை அதே விரலால் கலயத்துக்குள் தடவினான்.

"ஐயையோ, எச்சில்! இத்தனை நாளும் இதையா குடிச்சோம்?"

"சுண்ணாம்பு தடவணும்மா. இல்லாங்காட்டி..."

"வாயை மூடு! இனிமே நம்மாத்துக் கலயத்துல சுண்ணாம்பே படப்படாது. சொன்னதைச் செய்."

முனியன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு பங்களாவைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

"சரிம்மா. புர்ஞ்சுது" என்றான்.

என்ன புரிந்தது என்று சூடாமணி கேட்டிருக்கலாம். ஆனால் மடியாக இருப்பவர்களுக்கு அதிகம் பேச நேரம் இருப்பதில்லை.

ஜட்கா கண்ணுக்கு மறைந்து, சூடாமணி சமையலைக் கவனிக்கத் தளிகை உள்ளுக்குள் ஒரு காலை வைத்தாளோ இல்லையோ, கொல்லைப் பக்கம் ஒரே கூப்பாடு. முனியன் பெண்சாதி கெங்கம்மா தலைவிரி கோலமாக நின்றாள்.

"எம்மா! எங்க ஊட்டுக்காரரை ஆப்காரிக்காரன் புடிச்சிக்கினு பூட்டான்மா!"

"எதுக்கு? என்ன திருடினான்?"

"அவுரு இன்னாத்துக்குத் திருடப் போறாரு? உங்களுக்கு ஊத்தினது போக மிச்சத்தோட உங்க மரத்துக் கலயத்தைத் தோள்ல வச்சிக்கினு ரோட்டுல போனாரு. இன்ஸ்பெட்டரு நிறுத்தி உள்ள எட்டிப் பார்த்தாரு. சுண்ணாம்பே இல்ல. மோந்து பார்த்தாரு. சைதாப்பேட்டைக்கு இட்னு பூட்டாங்க."

"சுண்ணாம்பு இல்லைன்னா அதுக்கு ஜெயிலா? என்னடி உளர்றே?"

கெங்கம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சுண்ணாம்பு தடவினா பதநி. தடவாட்டி கள்ளு. எங்களுக்குப் பதநி எறக்கத்தான் உத்தரவு கீது, கள்ளு எறக்க இல்ல. உங்களுக்குத் தெரியாத மாதிரி பேசுறியேம்மா? நீங்கதானே எறக்கச் சொன்னீங்க?"

"நானா? கள்ளா?"

"அய்யா பெரிய மனுசரு, கடைக்குப் போவ முடியாது, பாவம். ஊட்லயே எறக்கிக் குடுன்னு அம்மா சாடையா சொல்லிச்சுன்னு இவுரு ராத்திரி என்னாண்ட சொன்னாரு. உங்க பேரு வெளிய வரக் கூடாதுன்னு இன்ஸ்பெட்டராண்ட வாயே தொறக்கலியாம்."

சூடாமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நேற்று முனியன் சிரித்த சிரிப்பு இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

பின்னால் ஒரு சத்தம். சூடாமணியின் பெண் ஜலஜா, காலேஜில் ரசாயனம் படிப்பவள், கையில் புஸ்தகத்தோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் முகம் சிவந்துபோயிருந்தது.

"அம்மா, அப்பா ரெண்டு டம்ளர் குடிச்சார்."

"ஐயோ!"

"கூஜா நிறைய எடுத்துண்டும் போயிருக்கார்."

"ஐயையோ! பெருமாளே!"

"மத்தியான வெயில்ல அது இன்னும் நன்னா ஏறும்மா."

சூடாமணி மடிப்புடவையை மாற்றக்கூட இல்லை. "வண்டி பிடிடி!" என்றாள்.

கோட்டைக்குப் போகிற ஜட்காவில் சூடாமணி, ஜலஜா, கெங்கம்மா மூவரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு போனார்கள். குதிரை தள்ளாடியபோதெல்லாம் கெங்கம்மா சூடாமணியின் மடியில் வந்து விழுந்தாள். முதல் இரண்டு தடவை சூடாமணி "தள்ளி உட்கார்" என்றாள். மூன்றாவது தடவை அவளே கெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போட்டுட்டா மரம் ஏர்ற உத்தரவையே புடுங்கிடுவாங்கம்மா. அதை வுட்டா அவருக்கு வேற இன்னா தெரியும்?" என்று கெங்கம்மா முணுமுணுத்தாள்.

"ஒண்ணும் ஆகாது. எங்காத்து மாமா ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவா" என்றாள் சூடாமணி. அந்த மாமா ஒரு வார்த்தை சொல்லுகிற நிலையில் இருக்கவேண்டுமே என்பதுதான் அவள் கவலை.

சபையில் பெண்கள் உட்காரும் மாடத்துக்கு இவர்கள் மூச்சு வாங்க ஏறியபோது விவாதம் நடந்துகொண்டிருந்தது. வாசல் சேவகன் கெங்கம்மாவைத் தடுத்தான். "அவ எங்களோட வந்திருக்கா" என்று சூடாமணி போட்ட போட்டில் வழி விட்டுவிட்டான்.

கீழே, பத்ரிநாராயணன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கூஜா. அதன் மூடி திறந்திருந்தது.

அவர் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிதர், நிறையப் படித்தவர். ஆனால் அவர் எழுந்தால் சபையில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். மீதிப் பேர் காப்பி சாப்பிடப் போய்விடுவார்கள். இன்று ஒருவரும் அசையவில்லை. காப்பிக்குப் போனவர்கள் கூடத் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள்.

இங்கிலீஷில் ஆரம்பித்த பேச்சு எப்போதோ தமிழுக்கு இறங்கிவிட்டிருந்தது. சபைத் தலைவர் மணியை அடித்து அலுத்துவிட்டார்.

"மாம்பலத்தில் குடியிருப்பவர்கள் சம்மதம் இல்லாமல் அங்கே ஒரு கள்ளுக்கடைக்கும் லைசென்ஸ் கொடுக்கக் கூடாது! இதுதான் ஐயா என் தீர்மானம்!" என்று அவர் மேஜையைத் தட்டினார். மேஜை தப்பித்தது. கூஜா குலுங்கிற்று.

எதிர்ப்பக்கத்திலிருந்து மிராசுதார் சுப்பராமன் எழுந்தார். பெரிய தொந்தி, பெரிய மீசை. கள்ளுக்கடை வருமானத்தில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று வருஷா வருஷம் பேசுகிறவர்.

"கனம் அங்கத்தினர் 'குடியிருப்பவர்' என்கிறாரே, அது யார்? அவரும் அவருடைய பங்களா சிநேகிதர்களுமா? இல்லை, அந்தப் பங்களாக்களைக் கட்டினவர்களும் சேர்த்தியா?"

ஜலஜா அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். "இதுக்கு அப்பா எழுதி வச்சிருக்கிற பதில் 'வீட்டு வரி கட்டறவா மட்டும்'னு இருக்கும்மா. நான்தானே பேச்சைக் காப்பி எழுதிக் கொடுத்தேன்."

பத்ரிநாராயணன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. மடித்து அங்கவஸ்திரத்தில் சொருகிக்கொண்டு, கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் விட்டுக் குடித்தார்.

"யாரா? சொல்றேன் ஐயா! என் வீட்டுச் சுவரை எழுப்பினவன் அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே ஓலைக் குடிசையில் படுத்திருக்கிறான். மழை வந்தால் அவனும் நனைகிறான், நானும் நனைகிறேன். நரி ஊளையிட்டால் அவன் குழந்தை பயந்து அழுகிறது. நானும்..." இங்கே மூக்கை உறிஞ்சினார். "நானும் அழறேன் ஐயா!"

சபை கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவனும் ஓட்டுப் போடட்டும்! அவன் பெண்டாட்டியும் போடட்டும்! சனிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் புருஷனைத் தேடிக்கொண்டு நிற்கிறவள் அவள். அவளைக் கேட்காமல் நம்மைக் கேட்டால் நமக்கு என்ன ஐயா தெரியும்? என் தீர்மானத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!"

சிரிப்பு நின்றது. பிறகு எங்கோ ஒருவர் கை தட்டினார். அதைத் தொடர்ந்து மழை மாதிரி கைதட்டல். சூடாமணிக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த மனிதரா? தினமும் மோர் சாதத்துக்கு உப்புப் போதவில்லை என்று அரை நாழி பேசுகிற இந்த மனிதரா?

"இன்னாம்மா, எனக்கும் ஓட்டு கீதா?" என்று கெங்கம்மா உரக்கவே கேட்டுவிட்டாள்.

"வாயை மூ..." என்று ஆரம்பித்த சூடாமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இருக்கும் போலிருக்கு" என்றாள்.

கீழே சுப்பராமன் விடவில்லை. "பேச்செல்லாம் சரி. கள்ளுக்குப் பதில் பதநீர் என்றாரே, அதை வாயில் வைக்க முடியுமா?"

"தாராளமாக!" என்று பத்ரிநாராயணன் ஒரு டம்ளர் நிறைய விட்டுச் சேவகனிடம் கொடுத்தனுப்பினார்.

மேலே சூடாமணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

சுப்பராமன் அலட்சியமாக வாயில் ஊற்றிக்கொண்டார். திடுக்கிட்டார். டம்ளரைப் பார்த்தார். பத்ரிநாராயணனைப் பார்த்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு டம்ளர் கிடைக்குமா? பரிசோதனை பூரணமாக இருக்கவேண்டும்."

கிடைத்தது. அதையும் பரிசோதித்தார். பிறகு மெல்ல எழுந்து நின்றார்.

"தலைவர் அவர்களே! பதநீர் விஷயத்தில் இத்தனை நாளாக எனக்குத் தப்பான அபிப்பிராயம் இருந்தது. கனம் அங்கத்தினரின் பதநீரை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அவருடைய தீர்மானத்தையும்!"

அவர் பின்னால் அவருடைய ஆட்களும் கையைத் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறிற்று.

வெளியே தாழ்வாரத்தில் பத்ரிநாராயணனைச் சுற்றி ஒரே கூட்டம். சூடாமணி அவரை ஒரு தூண் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போய் நான்கு வார்த்தையில், முனியன் சைதாப்பேட்டையில் இருப்பது உட்பட, விஷயத்தைச் சொன்னாள்.

அவர் முகத்திலிருந்த ஜொலிப்பு மெல்ல வடிந்தது.

"நான் குடிச்சது..."

"கள்ளு."

"கூஜா முழுக்கவா?"

"மிச்சத்தை எதிர்க்கட்சி குடிச்சுட்டுது."

அவர் தூணில் சாய்ந்துகொண்டார்.

"சூடா, இது ஒருத்தருக்கும் தெரியப்படாது. தெரிஞ்சா தீர்மானமும் போச்சு, நானும் போனேன். முனியனுக்கு என்ன அபராதம் போட்டாலும் நான் கட்டிடறேன்."

"ஜெயிலை எப்படிக் கட்டுவேள்?"

"புரியாம பேசாதேடி. இந்தச் சபையில நான் எழுந்தாலே எல்லாரும் தூங்குவா. உனக்குத் தெரியாது, நான் ஆத்துல சொன்னதில்லை. இன்னிக்குத்தான் எனக்குக் கை தட்டினா. அதைப் போய்..." அவர் மேலே சொல்லவில்லை. யாரோ "பலே, பலே!" என்று கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

சூடாமணிக்கு அழுகை வந்தது. அவர் மேல் இரக்கமாக இருந்தது, அதுதான் நிஜம். ஆனால் முனியன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறானே, அந்த வாயை மூடச் சொன்னது யார்? இவரா? இவர் இல்லையே. அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"ஜலஜா, வண்டிக்காரனைக் கூப்பிடு. சைதாப்பேட்டை."

கள், சாராயத்தைக் கண்காணிக்கும் ஆப்காரி ஆபீஸில் இன்ஸ்பெக்டர் இனாயத் சாயங்காலக் களைப்பில் உட்கார்ந்திருந்தார். மூலையில் முனியன் குந்தியிருந்தான். மேஜையின் மேல் கலயம், சூடாமணி தன் கையால் அலம்பிக் கொடுத்த அதே கலயம். அவளைப் பார்த்ததும் முனியன் பதறி எழுந்தான்.

"நீங்க இன்னாத்துக்கும்மா இங்க வந்தீங்க? நான் ஒண்ணும் சொல்லலம்மா!"

"நீ சொல்லாட்டா நான் சொல்றேன்" என்றாள் சூடாமணி. "சுண்ணாம்பு தடவ வேண்டாம்னு சொன்னது நான். மரம் என்னது, கலயம் என்னது. என்னைப் பிடிச்சுக்கோங்கோ. அவனை விடுங்கோ."

இனாயத் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, நான் ரொம்ப வருஷமா இந்த வேலையில இருக்கேன். 'நான் இல்லை, நான் இல்லை'ன்னுதான் எல்லாரும் வருவாங்க. 'நான்தான்'னு சொல்லிக்கிட்டு வந்தது நீங்கதான் முதல். பேஜாராப் போச்சே! வீட்டுக்குப் போங்கம்மா."

"மாட்டேன். எழுதிக்கோங்கோ."

இனாயத் பெருமூச்சு விட்டு ஒரு தாளை எடுத்தார். பெயர் கேட்டார். சூடாமணி என்றாள். ஊர் கேட்டார். மாம்பலம் என்றாள்.

"புருஷர் பெயர்?"

சூடாமணி வாயைத் திறந்தாள். மூடினாள்.

கல்யாணமானதிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. சொன்னால் அவர் ஆயுசுக்கு ஆகாது என்று பயம். கோயில் அர்ச்சனைக்குக் கூடப் பக்கத்தில் யாராவதுதான் சொல்லவேண்டும்.

"வடக்கே பனிமலை இருக்கோன்னோ, அங்கே இருக்கிற பெருமாள் பேரு" என்றாள் கடைசியில்.

"அது எனக்கு எப்படித் தெரியும் அம்மா?" என்றார் இனாயத் பரிதாபமாக.

"நான் சொல்றேன் சார்" என்று ஜலஜா முன்னால் வந்தாள்.

"நீங்க சொல்லக் கூடாது. வாக்குமூலம் குடுக்கறவங்க வாயாலதான் வரணும். வராட்டி இது செல்லாது. இவன்தான் உள்ளே போகணும்."

கெங்கம்மா முனியனின் கையைப் பிடித்துக்கொண்டு சூடாமணியையே பார்த்தாள். "வாணாம்மா. புருசன் பேரை நானே சொன்னதில்ல. நீங்க சொல்லாதீங்க" என்றாள்.

சூடாமணி மனசுக்குள் பெருமாளைக் கும்பிட்டாள். அவருக்கு ஒன்றும் வரக் கூடாது, என்ன வந்தாலும் எனக்கு வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். திருமாங்கல்யத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பத்ரிநாராயணன்" என்றாள், மூச்சுக் காற்றில்.

"காதுல விழல அம்மா."

ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இனி மெல்லச் சொன்னால் என்ன, உரக்கச் சொன்னால் என்ன? சூடாமணி நிமிர்ந்தாள்.

"பத்ரிநாராயணன்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

அங்கவஸ்திரம் ஒரு பக்கம் தரையில் புரள, முகம் கழுவின ஈரம் காயாமல், கண் சிவந்து, பத்ரிநாராயணன் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தெருவில் மிராசுதார் சுப்பராமனின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மிராசுதாரும், அவர் பின்னால் பத்திரிகைக்காரர் ஒருவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பத்ரிநாராயணன் முனியனைப் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டரையும் பார்க்கவில்லை. பெண்டாட்டியையே பார்த்தார், புதிதாக யாரையோ பார்ப்பது போல.

"கூப்பிட்டியா?" என்றார்.

சூடாமணியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டிற்று. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஆமாம், கூப்பிட்டேன்" என்றாள். "உள்ளே வாங்கோ."